எங்கள் ஊர் பாரதக் கூத்தும் படுகளமும்: படம் எடுக்க யோசனை வேண்டும்

தெள்ளார்ப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். வந்தவாசிக்கும் தெள்ளாருக்கும் நடுவில் எங்கள் ஊர். நான் வேலை பார்ப்பது பெங்களூரில். வரும் வைகாசியில் எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. கணக்கு வழக்குத் தகராறில் சில வருஷமாக நின்றுபோன விழா இது. இந்த முறை எல்லோரும் உட்கார்ந்து பேசி, தலைக்கட்டு வரி வசூலித்து, நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். மதியத்தில் மகாபாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்து, துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் வரைக்கும் போட்டிருக்கிறது. கடைசி நாள் காலையில் படுகளம் (மண்ணில் செய்த துரியோதனனை பீமன் வீழ்த்துகிற சடங்கு), சாயங்காலம் தீமிதி.

கடைசி ஒரு வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். விழாவை ஒழுங்காகப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊரில் இருப்பதெல்லாம் வீடியோக்காரர் எடுத்துக் கொடுத்த தீமிதி சிடிகள்தான். கூத்தைப் பற்றி உருப்படியான படம் ஒன்றுகூடக் கிடையாது. என் பெரியப்பா கூத்தில் முகவீணை (நாகசுரம் போன்ற சின்ன ஊதுகருவி) வாசித்தவர். அவர் வாசிக்கிற மாதிரி ஒரு படம் வீட்டில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் சட்டை போட்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது சாதாரண கிராப் சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 50 எம்எம் எஃப் 1.8. ஃப்ளாஷ் ஒன்று அண்ணனிடம் வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி வெளிச்சத்துக்கு எப்படி செட் செய்வது? எங்கே நிற்பது? அர்ச்சுனன் ஏறுகிற தபசு மரத்தடியில் குழந்தை வேண்டி உட்காரும் பெண்களைப் படம் எடுக்கலாமா? ராத்திரி முழுக்க ஒரு பெண் கேமராவோடு சுற்றினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

அகல் வெளிச்சம்:

வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது கூத்து ஆடுகிற எல்லாக் களரியிலும் எல்இடி ஃபோகஸ்தான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பெரும்பாலும் விழாது. எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள், பட்டை அதில்தான் அதிகம். 50 எம்எம் லென்ஸை எஃப் 2இல் வைத்து ஐஎஸ்ஓ 3200இல் ஆரம்பியுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து RAW ஃபைலாக எடுங்கள். துரியோதனன் முகத்துச் சிவப்பும் கிருஷ்ணன் முகத்துப் பச்சையும் படத்துக்குப் படம் மாறினால் அப்புறம் ஒவ்வொன்றாகச் சரி செய்வது பெரும்பாடு.

ஃப்ளாஷ் இருந்தால் கையில் வைத்திருங்கள். நேராக அடிக்காமல் மேலே திருப்பி அடிக்கலாம்.

டோலக் வீட்டுப் பிள்ளை:

ஃப்ளாஷை அண்ணனிடமே விட்டுவிடுங்கள். மேலே திருப்பி அடிக்கத் திறந்தவெளியில் கூரை ஏது? நேராக அடித்தாலும் கட்டைச் சாமான்கள் காட்டிக்கொடுத்துவிடும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பார்கள். தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலத்திலிருந்தே அப்படித்தான். அசைகிற வெளிச்சத்தை வாங்கி ஆளைச் சுற்றித் தெறிக்க வைப்பதற்குத்தான் அந்தச் சில்லுகள். பெட்ரோமாக்ஸ் வந்தது, டியூப்லைட் வந்தது, இப்போது எல்இடி வந்திருக்கிறது, அவை தம் வேலையை இன்னும் செய்கின்றன. ஃப்ளாஷ் அடித்தால் எல்லாம் வெள்ளைப் பொட்டாகிவிடும், முகம் மாவு பூசியது போலத் தெரியும். அதைவிட முக்கியம், ஆடுகிறவருக்குக் கண் கூசும். கிறிக்கி போட்டு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது முகத்தில் வெளிச்சம் வெட்டினால் கால் தடுமாறும். உடம்பில் அவ்வளவு மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு கீழே விழுவது சின்ன விஷயம் இல்லை.

நான் செய்யாறு பக்கம். எங்கள் அப்பா ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், டோலக் வாசித்தார். சின்ன வயதில் அவர் உட்கார்ந்த பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். வளர்ந்த பிறகு கேமராவோடு அதே பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன், இன்றைக்கும் அங்கேதான் உட்காருகிறேன். நீங்கள் எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். என் பதில் அந்த மேளக்காரர் பெஞ்சின் ஓரம்.

ஏன் என்று சொல்கிறேன். கூத்துக்கு மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்கும். நான்காவது பக்கம் மேளமும் திரையும். படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் நேர் எதிரே போய் நிற்கிறார்கள். அங்கே முன்வரிசையில் இருப்பது பாட்டிமாரும் பிள்ளைகளும், பொழுது சாய்வதற்கு முன்பே பாய் போட்டு இடம் பிடித்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று மறைப்பது அநியாயம். அப்படியே நின்றாலும் கிடைப்பது என்ன? ஆடுகிறவர், அவருக்குப் பின்னால் ஒரு திரைத்துணி, ஒரு டியூப்லைட், உபயதாரர் பெயர் போட்ட பேனர். இணையத்தில் இந்தப் படம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பெஞ்சு ஓரத்திலிருந்து பார்த்தால் ஆடுகிறவரின் பக்கவாட்டு முகம் முன்னால் இருக்கும், அதற்குப் பின்னால் உங்கள் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். அவர் மேல் விழுகிற வெளிச்சமே ஜனத்தின் முகத்திலும் விழும். யார் அழுகிறார்கள், யார் வாய் பிளந்து பார்க்கிறார்கள், எந்தக் குழந்தை அம்மா மடியில் திரும்பிப் படுக்கிறது, எல்லாம் ஒரே படத்தில் வரும். கூத்து என்பது ஆடுகிறவர் பாதி, கேட்கிற ஊர் பாதி. ஊர் இல்லாத கூத்துப் படம் எனக்கு வெறும் வேஷப் படம்தான்.

அங்கே உட்கார அனுமதி கேட்க வேண்டியது ஜமா வாத்தியாரிடம். கோயில் பெரியவர்களிடம் சொல்வது மரியாதைக்கு, வாத்தியாரிடம் கேட்பது காரியத்துக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். பூஜை போட்ட களரி அது, செருப்போடு குறுக்கே நடந்தால் யாரும் வாய்விட்டுத் திட்ட மாட்டார்கள், ஆனால் அந்த ராத்திரி முழுக்க உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஜெனரேட்டர் ஒயர் எங்கே ஓடுகிறது என்பதையும் இருட்டுவதற்கு முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி சொல்கிறேன். முதல் ராத்திரி கூத்தைத் தொடங்கிவைக்கிற கோமாளி, கட்டியங்காரன், வந்ததும் போய் ஒரு நூறு ரூபாய் மொய் வையுங்கள். இன்னார் பேத்தி, முகவீணைக்காரர் வீட்டுப் பெண், பெங்களூரிலிருந்து வந்து நம் கூத்தைப் படம் எடுக்கிறாள் என்று அவரே மைக்கில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் யார், எதற்குச் சுற்றுகிறீர்கள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். உங்கள் அம்மா கவலையும் பாதி தீரும்.

இனி எதை எடுப்பது என்பதைச் சொல்கிறேன். எட்டு மணிக்கே முகம் எழுதும் இடத்துக்குப் போங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத் தாழ்வாரமாக இருக்கும், இல்லாவிட்டால் படுதா கட்டிய ஒரு மறைப்பு. ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார்கள், ஒரு கையில் சின்னக் கண்ணாடி, இன்னொரு கையில் குச்சி. கிரீட வேஷக்காரருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டும்போது இரண்டு பேர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார்கள், அவர் மூச்சை அடக்கி நிற்பார். அந்த முகத்தை எடுங்கள். ஆனால் பெண் வேஷம் கட்டுகிறவர்கள் பாதி ஒப்பனையில் இருக்கும்போது கேட்காமல் எடுக்காதீர்கள். மீசை மழித்து, ரவிக்கை மாட்டிக்கொண்டிருக்கும் நிலையில் படம் வெளியே போவதைப் பலர் விரும்ப மாட்டார்கள். பகலில் அவர் கொத்தனார் வேலைக்குப் போகிறவராக இருப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள்.

திரை வரவு தெரியும்தானே. இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து பாட்டு. கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே ஆடும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். திரை விலகும் வரை காத்திருக்காதீர்கள், அதற்கு முன்னால் இருப்பதுதான் விசேஷம். துரியோதனன் திரை வரவு நீளமாக இருக்கும், நிதானமாக எடுக்கலாம். திரை விலகியதும் கிறிக்கி. அகல் வெளிச்சம் சொன்ன 1/100 மற்ற நேரத்துக்குச் சரி. கிறிக்கிக்கு 1/30 வையுங்கள், ஆளோடு கேமராவையும் திருப்புங்கள். பாவாடை விரிந்து சுழல்வது கலங்கி வரும், முகம் ஓரளவு நிற்கும். நிறைய வீணாகும். ஒன்று நின்றால் போதும்.

பன்னிரண்டு மணிக்குப் பெரும்பாலான படக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு அதில் தீராத மனக்குறை. கிரீடத்தை எடுத்தான், போய்விட்டான் என்பார். மிருதங்கத்துக்காரரையோ பின்பாட்டுப் பாடுகிறவரையோ ஒருத்தரும் எடுத்ததில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு விடிய விடிய வாசித்த அப்பா கையை நான்தான் எடுத்தேன், அதுவும் அவர் வாசிப்பை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால். உங்கள் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் மனதில் வந்தது. இந்த ஜமாவில் முகவீணை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல ஜமாக்களில் ஆர்மோனியம் மட்டும்தான் இப்போது. இருந்தால், அவருக்கு ஒரு முழு ராத்திரியை ஒதுக்குங்கள். கன்னம் உப்பி வாசிக்கும் முகம், வாசிக்காத நேரத்தில் சீவாளியை நனைத்துச் சரிபார்க்கிற கை, அவரைத் திரும்பிப் பார்த்துச் சுருதி பிடிக்கிற ஆட்டக்காரர், இதெல்லாம் ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

மூன்று மணிக்குப் பாதி ஜனம் பாயில் தூங்கும். கதை தெரிந்த கிழவர்களும் சில பெண்களும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் அந்த நேரத்துக் கூத்து நடக்கும், வசனம் அப்போதுதான் ஆழமாகப் போகும். அப்புறம் நாலரை, ஐந்து மணிக்கு வானம் நீலமாக வெளுக்கும், களரி விளக்கு மஞ்சளாக எரியும். ராத்திரி முழுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. கதையும் அங்கேதான் உச்சத்தில் இருக்கும். கர்ண மோட்சத்தில் கர்ணன் விழுந்து அவன் மனைவி பொன்னுருவி அழுகிற நேரம் அது. அதற்கு விழித்திருக்க வேண்டுமானால் மதியம் தூங்குங்கள். ஆனால் எல்லா மதியமும் தூங்காதீர்கள், பாரதச் சொற்பொழிவுப் பந்தலில் ஒரு நாளாவது உட்காருங்கள். வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிச் சொற்பொழிவாளர் விளக்கும்போது கீழே கேட்கிற பாட்டிமார் முகத்துக்கு வெயில் பந்தல் ஓலை வழியாக இறங்கும். பகல் நேரம், வேகம் வேண்டாம், 18-55 போதும்.

துகில் ராத்திரியில் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துச்சாதனன் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் காட்டி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். வேஷக்காரருக்கு ஆவேசம் வருவதும் உண்டு. பெண்கள் கைகூப்பி எழுந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் இடம் மாறி நடமாட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதை எடுங்கள், ஒன்றும் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொண்டிருங்கள்.

தெள்ளார்ப் பொண்ணு:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி அண்ணா. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மொய் யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வரப்போகும் ஜமாவில் முகவீணைக்காரர் இருக்கிறாராம், மாமா விசாரித்துச் சொன்னார். தபசு மரம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஆரணி அக்கா:

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தங்கச்சி. அந்த மரத்தடியில் மடியேந்தி உட்கார்ந்தவள் நான்.

குளத்தில் முழுகிவிட்டு ஈரச் சேலையோடு போய் உட்காருவோம். எங்கள் பக்கம் விடிகாலையில் ஏறுவார்கள், சில ஊரில் பகலிலேயே ஏற்றிவிடுவார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவார், அவ்வளவு உயரம். ஏறி முடிக்கும் வரை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். மேலேயிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் எறிவார். நம் மடியில் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்போம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லாதவள் அங்கே உட்காரும்போது ஊரில் யார் யார் பார்க்கிறார்கள், என்ன சொல்லுவார்கள் என்பதும் மனதில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சில பேர் மாமியார் ஊருக்குத் தெரியாமல் அம்மா ஊருக்கு வந்து உட்காருகிறார்கள். அந்த முகம் ஃபேஸ்புக்கில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

நான் உட்கார்ந்த வருஷம் ஒருத்தர் குனிந்து குனிந்து எங்கள் முகத்துக்கு நேராக எடுத்துக்கொண்டே போனார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அதனால் பழம் எங்கே விழுந்தது என்றே பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தள்ளி நின்று மரத்தையும் மேலே ஏறுகிற அர்ச்சுனனையும் எடு. கீழே இருக்கிறவர்கள் முதுகு தெரியட்டும், தலை தெரியட்டும். விரித்த மடியைப் பின்னாலிருந்து எடுக்கலாம். முகம் வேண்டுமென்றால் முதல் நாளே அந்தப் பெண்ணிடம் போய்க் கேள், அவள் சரி என்றால் எடு. நீ பெண், உன்னிடம் மனசு விட்டுப் பேசுவாள். அடுத்த வருஷம் குழந்தையோடு வந்து எடைக்கு எடை கொடுக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் சந்தோஷமாக நிற்பார்கள், அந்தப் படத்தை எடுத்துக் கொடு.

ராத்திரி விஷயம்: கூத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஒரு பாட்டி பாயில் இடம் பிடித்துக்கொள், பை அங்கேயே இருக்கட்டும். டார்ச் ஒன்று வைத்துக்கொள். ஒதுங்கப் போகும்போது தனியாகப் போகாதே, நாலு பேர் போகும்போது கூடப் போ. தண்ணீர் பாட்டிலும் சால்வையும் எடுத்துப் போ, விடிகாலையில் கொஞ்சம் சில்லென்று இருக்கலாம்.

ஏரிக்கரை:

நான் ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறார். எல்லா ஊரிலும் எல்லோரும் உட்கார முடிகிறதா என்பதையும் கேமரா பார்க்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விடவில்லை என்ற பிரச்சினையில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அதுவும் இதே அம்மன், இதே பாரதம். உங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது. காலனியிலிருந்து வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், பறை அடிக்கிறவர்கள் எந்த எல்லையோடு நிற்கிறார்கள், சாமி ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதையும் எடுத்து வையுங்கள். விழாவின் படம் என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

டோலக் வீட்டுப் பிள்ளை:

ஏரிக்கரை சொல்வது சரி. நான் எழுதியதில் அது விட்டுப்போனது. எங்கள் பக்கத்து ஜமாக்களில் எல்லாச் சாதிக்காரர்களும் உண்டு, ஜமாவுக்குள் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்குகிறவர்கள் சில ஊரில் சாப்பாட்டுக்குத் தனித்தனியாக உட்கார வைக்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆரணி அக்கா எழுதியதை நான் படிக்கக் கொடுக்க வேண்டிய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அப்படியே அனுப்பப் போகிறேன்.

படுகளம் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. எல்லோரும் பீமன் தொடையில் அடிக்கிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் அதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, மல்லாந்து கிடக்கிற துரியோதனனை உருவாக்குவார்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும், 30 அடியிலிருந்து 60 அடி வரை நான் பார்த்திருக்கிறேன். மார்பு மேல் ஏறி நின்று ஒருவர் பதக்கம் செதுக்குவார், இன்னொருவர் மீசைக்குக் கறுப்பு அடிப்பார், பையன்கள் கால்விரலைச் சரி செய்வார்கள். மண் ஈரம் காயாமல் இருக்கும்போது, காலை ஆறரை மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, பாதத்துப் பக்கம் தரையோடு உட்கார்ந்து 18இல் வைத்து எடுங்கள். பாதம் முன்னால் மலை போல நிற்கும், தூரத்தில் முகத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். உருவத்தின் அளவு அதில்தான் புரியும்.

மொத்த உருவமும் தெரிய வேண்டுமானால் உயரம் வேண்டும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியை முதல் நாளே கேட்டு வையுங்கள். ட்ரோன் வேண்டாம். கூட்டத்துக்கு மேல் பறக்க விடுவதே ஆபத்து, அதோடு அந்தச் சத்தத்தில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி கேட்காது. புருஷனை இழந்தவள் அழுகிற அழுகைக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். அவரவர் வீட்டுச் சாவும் அதில் கலந்துவிடும். அதற்கு மேல் விசிறிச் சத்தம் ஓடக் கூடாது.

பீமனும் துரியோதனனும் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு அதே வேஷத்தோடு வெயிலில் ஓடி வருவார்கள். அரிதாரம் வியர்வையில் வழிந்திருக்கும், கண் சிவந்திருக்கும். களரி வெளிச்சத்தில் ராஜாவாக இருந்தவரைப் பகலில் பக்கத்தில் பார்க்கிற வாய்ப்பு அது ஒன்றுதான். 50 எம்எம்மை மாட்டிக்கொண்டு முகத்துக்குப் போங்கள். தொடையில் புதைத்து வைத்த செந்நீர்ப் பானை உடைந்து, அம்மன் கூந்தல் முடிந்ததும் ஜனம் மொத்தமும் உருவத்தின் மேல் பாயும். மண்ணை முந்தானையில், துண்டில், பிளாஸ்டிக் கவரில் அள்ளிக்கொண்டு போவார்கள். நெல் குதிரில் போட்டு வைப்பார்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டியிருங்கள், ஓரமாக நில்லுங்கள், தள்ளுமுள்ளு பலமாக இருக்கும். அவ்வளவு பெரிய உருவம் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும்.

தீமிதி உங்கள் ஊரில் வீடியோவாக ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு உடம்பில் தெம்பு இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் மிதித்து முடித்தவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார், என்ன வேஷம், எந்த ஊர், ஜமா பெயர், வாத்தியார் பெயர், தேதி. பத்திரிகையில் வருகிற கூத்துப் படத்துக்குக் கீழே 'தெருக்கூத்துக் கலைஞர்' என்று மட்டும் போடுகிறார்கள். சங்கீத வித்வானுக்கு அப்படிப் போடுவார்களா? கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் பெயர் நாடெங்கும் தெரிகிறது. அவரிடம் நேராகக் கற்றுக்கொண்டு எழுதியவர்கள், நாடகக்காரர்கள், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அதுவும் ஒரு காரணம். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்கு அந்தப் புரிசைப் பரம்பரையோடு இருந்த உறவு எல்லோருக்கும் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் 1990இல் கூத்துக் கலைஞர்களின் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் பேர் பெயர் பதிவானது. மற்ற நூற்றுக்கணக்கான பேர் எந்தப் பதிவிலும் பெயர் இல்லாமல் ஆடி முடித்துப் போய்விட்டார்கள். என் அப்பாவோடு ஆடியவர்களின் பழைய படம் இரண்டு மூன்று கிடைத்தது. வேஷத்துக்குள் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை.

விழா முடிந்ததும் வந்தவாசியில் ஒரு ஸ்டூடியோவில் 4க்கு 6 பிரிண்ட் போட்டு, ஆளுக்கு ஒன்றாவது கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும். வாத்தியாருக்குப் பெரிதாக ஒன்று போடுங்கள். அடுத்த ஊர்க்காரர் அச்சாரம் கொடுக்க வரும்போது அவர் எடுத்துக் காட்டுவார், நோட்டீஸில் போடுவார். நலவாரியத்துக்கும் விருதுக்கும் விண்ணப்பம் எழுதும்போது இணைக்க நல்ல படம் இல்லாத கலைஞர்கள் எத்தனையோ பேர். படத்தின் பின்புறத்தில் பெயரும் வேஷமும் தேதியும் பேனாவால் எழுதிவிடுங்கள்.

தெள்ளார்ப் பொண்ணு:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முகம் எடுக்க மாட்டேன், நான் கேட்டுச் சரி என்றவர்களைத் தவிர.

ஏரிக்கரை, எங்கள் ஊரில் சாமி காலனித் தெருவுக்குப் போவதில்லை. இந்த முறை கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்ததாம், முடிவு தெரியவில்லை. எப்படி நடக்கிறதோ அப்படியே எடுக்கிறேன்.

டோலக் அண்ணா, விடுப்பை மூன்று நாள் முன்னால் நகர்த்திவிட்டேன், துகில் ராத்திரிக்கே போய்விடுவேன். முகவீணைக்காரருக்குப் போன் போட்டுப் பேசினேன். பெரியப்பாவை அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரே வாத்தியாரிடம் வாசித்த ஆட்களாம். பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தால் மைக் ஸ்டாண்டும் ஸ்பீக்கரும் படத்தில் வருமே, அதற்கு என்ன செய்வது?

டோலக் வீட்டுப் பிள்ளை:

வரட்டும், மறைக்க வேண்டாம். இன்றைக்குக் கூத்து மைக்கோடுதான் நடக்கிறது. ஸ்டாண்டு சரியாக முகத்துக்குக் குறுக்கே வந்தால் மட்டும் ஒரு சாண் நகர்ந்து உட்காருங்கள். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் உட்காராதீர்கள், விடிவதற்குள் காது அடைத்துவிடும். முகவீணைக்காரருக்கு இடது கைப்பக்கம் இடம் கேளுங்கள், விரல் ஓட்டம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். பேட்டரி இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள், களரியில் சார்ஜ் போட இடம் கிடைக்காது.